நடுவர் மேல் கை வைத்தவன்

எனக்குச் சர்க்கரை நோய் என்று சொன்ன டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆறுதலுக்காகத்தான் சிரித்தாள் என்று வெளியே வந்த பிறகு மனைவி விளக்கினாள். எனக்கு அந்த ஆறுதல் தேவைப்படவில்லை. மைதானத்தில் என் முகத்தைப் பார்த்து ஒருவன் அப்படிச் சிரித்திருந்தால் மஞ்சள் அட்டையைத் தூக்கியிருப்பேன்.

"சார், இது உங்க வயசுல வழக்கமா வர்ற வகை இல்ல. உங்க உடம்பு இன்சுலின் சுரக்கறதையே நிறுத்திக்கிட்டு வருது. மாத்திரைக்கு அடங்காது. ஊசிதான்."

"எத்தனை நாளைக்கு?"

"எப்பவுமே சார்."

"நான் ஃபுட்பால் ரெஃப்ரி. ஒரு மேட்ச்சுல பத்து கிலோமீட்டர் ஓடறவன். இந்த வருஷம் எனக்கு ரொம்ப முக்கியமான வருஷம்."

"ஓடுங்க. தாராளமா ஓடுங்க. ஆனா ஓடும்போது சர்க்கரை சட்டுனு இறங்கிடும். கை நடுங்கும், வேர்க்கும், காரணமே இல்லாம கோபம் வரும். சில பேருக்கு என்ன செய்யறோம்னே தெரியாது. அதனால கூட இருக்கறவங்ககிட்ட முன்கூட்டியே சொல்லி வெச்சிடுங்க."

காரணமே இல்லாமல் கோபம் வரும் என்றதும் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன்.

எனக்கு நாற்பத்தாறு வயது. வாரத்தில் ஆறு நாள் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகன். ஞாயிற்றுக்கிழமை நடுவர். இரண்டு வேலையிலும் என்னைப் பார்த்து எவனும் சந்தோஷப்பட்டதில்லை. நான் ஏறினால் பாதி பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும். நான் மைதானத்துக்குள் நடந்து வந்தால் இரண்டு அணிக்காரர்களும் ஒரே மாதிரி முகத்தைச் சுளிப்பார்கள். அதில் எனக்கு ஒரு திருப்தி உண்டு. இரண்டு பக்கமும் திட்டினால் நாம் சரியாக நடுவில் நிற்கிறோம் என்று அர்த்தம்.

பத்தொன்பது வருடம் ஊதியிருக்கிறேன். ஒரு இறுதி ஆட்டம்கூடக் கொடுத்ததில்லை. ஒவ்வொரு வருடமும் நடுவர் சங்கச் செயலாளரிடம் கேட்பேன். ஒவ்வொரு வருடமும் அதே பதில்தான் வரும். "உன் கையில ஃபைனலைக் கொடுத்தா, முடியறப்போ கிரவுண்டுல ரெண்டு கோல்கீப்பர்தான்யா மிச்சம் இருப்பான்." சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். இந்த வருடம் சிரிக்காமல் அரை இறுதி ஒன்றைக் கையில் கொடுத்தார். அதைச் சுத்தமாக முடித்துக் கொடுத்தால் இறுதி ஆட்டம் எனக்கு என்றார். எங்கள் சங்கத்தில் நாற்பத்தேழு வயதைத் தொட்டவனுக்குப் பெரிய ஆட்டம் கிடையாது. இந்த வருடத்தை விட்டால் எனக்கு வேறு வருடம் இல்லை.

சீசன் தொடங்கும்போது ஒரு உடல்தகுதிப் படிவம் தருவார்கள். ஒன்பதாவது கேள்வி: திடீர் மயக்கமோ தடுமாற்றமோ வரக்கூடிய நோய் ஏதும் உண்டா? டாக்டரிடமிருந்து வந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. போன வருடம் எங்களில் ஒருவன் அதே கேள்விக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை என்று உண்மையை எழுதினான். அவனை ஸ்டோர் ரூமில் பந்துக்குக் காற்றடிக்க உட்காரவைத்துவிட்டார்கள். நான் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். பேனா அழுத்தமாகத்தான் எழுதியது.

வீட்டில் சண்டை ஆரம்பமானது. என் மனைவி ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். எதையும் அளந்து ஊற்றி, எழுதி வைக்கிறவள். சமையலறைக்கு ஒரு சின்னத் தராசு வந்தது. என் தட்டில் விழும் ஒவ்வொரு கரண்டியும் அதில் ஏறி இறங்கியது.

"நான் மனுஷனா, பார்சலா?" என்றேன்.

"பார்சலா இருந்தா பேசாம போய்ச் சேரும். சாப்பிடுங்க."

ஒரு நாளைக்கு நான்கு ஊசி. விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை மீட்டரில் காட்டினால் எண் வரும். அந்த எண் பிடித்த மாதிரி ஒரு நாளும் இருந்ததில்லை. அதிகம் இருந்தால் என்ன தின்றீர்கள் என்று மனைவி கேட்பாள். குறைவாக இருந்தால் ஏன் தின்னவில்லை என்பாள். பத்தொன்பது வருடம் மற்றவர்களைக் கேள்வி கேட்டே பழகியவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

ஆனால் ஓட்டத்தை விடவில்லை. டிப்போவின் பின்புறம், பழைய பஸ்களை நிறுத்தும் இடத்தில் சாயங்காலம் தினமும் ஓடினேன். ஓடுவதற்கு முன் குத்தினேன், ஓடிய பின் குத்தினேன், நோட்டில் எழுதினேன். ஒரு புது ஆட்டக்காரனைப் படிக்கிற மாதிரி அந்த நோயைப் படித்தேன். அவனைப் பற்றி மூன்று வாரத்தில் தெரிந்துகொண்டேன். முதல் அரை மணி நேரம் ஒழுங்காக இருப்பான். ஒரு மணி நேரம் தாண்டினால் பின்னாலிருந்து காலை வாருவான். முன்னால் வந்து மோதுகிற தைரியம் கிடையாது. மதிய ஊசியைப் பாதியாகக் குறைத்து, இடைவேளையில் இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டால் தொண்ணூறு நிமிடமும் அடங்கிக் கிடப்பான். இதையெல்லாம் நானே கண்டுபிடித்தேன். டாக்டர் கூடப் பாராட்டினாள். அவள் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் செய்யவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

அவசரத்துக்கு குளுக்கோஸ் மிட்டாய் ஒரு அட்டை, கால்சட்டைப் பையில் வைத்திருந்தேன். லீக் ஆட்டம் ஒன்றில் ஒருவன் எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்தான். ஓடிப்போய் அவன் முன்னால் நின்று, மஞ்சள் அட்டையை எடுத்து, கையை நேராக உயர்த்திக் காட்டினேன். அவன் அண்ணாந்து பார்த்தான்.

"சார், மிட்டாய் எனக்கா?"

என் கையில் குளுக்கோஸ் அட்டை இருந்தது. இருபத்திரண்டு பேரும் சிரித்தார்கள். கொடி பிடிக்கும் லைன்மேன், பிழைப்புக்கு முடிவெட்டுகிறவன், கொடியால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தான். கீழே கிடந்த குப்பையை எடுத்தேன் என்று சமாளித்து மஞ்சளைக் காட்டினேன். சிரிப்பு நிற்கவில்லை. என்னைத் திட்டட்டும், அம்மாவை இழுக்கட்டும், எனக்கு உறைக்காது. சிரித்தால் மட்டும் தாங்காது. அன்றிலிருந்து மிட்டாயை உடை மாற்றும் அறையில் என் பைக்குள் வைத்துவிட்டுத்தான் மைதானத்தில் இறங்கினேன். மிட்டாய்க்கும் எனக்கும் நடுவில் நூறு மீட்டர்.

அரை இறுதி ஆட்டம் கட்டட வேலைக்காரர்கள் அணிக்கும் கிடங்குத் தொழிலாளர்கள் அணிக்கும். கட்டட அணியின் கேப்டன் வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவன். எல்லோரும் அவனைப் பெயிண்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தைந்து வயது, நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். வாய்க்குப் பூட்டே கிடையாது. நான் எந்தப் பக்கம் விசில் ஊதினாலும் அதற்கு ஒரு விமர்சனம் வைத்திருப்பான். பத்து வருடமாக எங்கள் இருவருக்கும் ஆகாது. என் நோட்டில் அவனுக்கு மட்டும் இருபத்தாறு மஞ்சள்.

முதல் பாதி நன்றாகவே போனது. கோல் இல்லை, வம்பு இல்லை. இடைவேளைக்கு விசில் ஊதிவிட்டு, வாழைப்பழத்தை நினைத்துக்கொண்டு அறைக்குள் போனேன். அங்கே பெஞ்சில் செயலாளர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இந்தப் பக்கம் ஒரு அணி மேலாளர், அந்தப் பக்கம் இன்னொரு மேலாளர். மாற்று ஆட்டக்காரன் ஒருவனின் பெயர் பட்டியலில் இல்லை என்று இருவருக்கும் சண்டை. நான்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். என் பை செயலாளரின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதற்குள் மீட்டரும் பழமும் மிட்டாயும் இருந்தன. "ஒரு நிமிஷம் தள்ளிக்கோங்க" என்று சொன்னால் போதும். ஆனால் இரண்டு பேர் கத்திக்கொண்டு தீர்ப்புக்கு நிற்கும்போது வாழைப்பழத்தை உரிக்கிற நடுவரை எவன் மதிப்பான்? நான் பட்டியலைப் படித்தேன், விதியைச் சொன்னேன், இருவரையும் வெளியே அனுப்பினேன். கடிகாரத்தைப் பார்த்தால் இடைவேளை முடிந்திருந்தது. பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டேன்.

ஐம்பத்தெட்டாவது நிமிடத்தில் பெயிண்டரின் ஆள் விழுந்தான். நடிப்பு. ஆட்டம் தொடரட்டும் என்று கையைக் காட்டினேன்.

"கண்ணைக் கழட்டி வீட்ல வெச்சுட்டு வந்தியா?" என்று கத்தினான் பெயிண்டர்.

மஞ்சள் காட்டினேன். அவன் கைதட்டிவிட்டுப் போனான். அதுவரை எனக்கு எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. அவன் துப்பிய எச்சில்கூட எங்கே விழுந்தது என்று சொல்வேன்.

அதற்குப் பிறகு நடந்ததை உள்ளே இருந்து சொல்கிறேன். எனக்கு மயக்கம் வரவில்லை. தலை சுற்றவில்லை. எனக்கு வந்தது வெறுப்பு. எல்லோர் மேலும் வெறுப்பு. கோல்கீப்பர் பந்தை வேண்டுமென்றே மெதுவாக எடுத்து வைக்கிறான். லைன்மேன் கொடியை அரை விநாடி தாமதித்துத் தூக்குகிறான். கூட்டம் என்னைப் பற்றித்தான் ஏதோ பேசுகிறது. புல்கூட என் காலைப் பிடித்து இழுக்க இவர்களோடு சேர்ந்துகொண்டது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வெயில் என்று நினைத்தேன். இந்த நாய்கள் எல்லோரையும் ஒரே நாளில் வெளியே அனுப்ப விதி இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே ஓடினேன். உண்மையாகவே யோசித்தேன். விசில் ஊதினேன். எதற்கு ஊதினேன் என்று தெரியவில்லை. தெரியவில்லை என்பதை மறைக்க மறுபடி ஊதினேன்.

அப்போது பெயிண்டர் என்னை நோக்கி வந்தான். வேகமாக வந்தான். ஏதோ சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தான்.

நடுவர் மேல் கை வைத்தால் சிவப்பு அட்டை. விதிப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அதுதான். என் கை தானாகப் பைக்குள் போனது. சிவப்பு மேலே ஏறியது.

அவன் வாயைத் திறந்தான், மூடினான். அவனுக்குப் பேச்சு வராமல் போனதைப் பத்து வருடத்தில் அன்றுதான் பார்த்தேன். அவன் அணி முழுக்க என்னைச் சூழ்ந்துகொண்டது. லைன்மேன் கோட்டை விட்டு ஓடி வந்தான்.

"அண்ணே, நிஜமாவா? அவன் என்ன பண்ணான்?"

"கை வெச்சான்."

"அண்ணே, நல்லா யோசிச்சுக்கோங்க. நீங்க ஒரு மாதிரி இருக்கீங்க."

"கோட்டுக்குப் போ."

ஆட்டம் திரும்பத் தொடங்கும்வரைதான் நடுவர் தன் முடிவை மாற்றலாம். தொடங்கிவிட்டால் கடவுளே வந்தாலும் மைதானத்தில் மாற்ற முடியாது. அப்போது எனக்கு மூன்று நிமிடம் இருந்தது. நான் விசில் ஊதி ஆட்டத்தைத் தொடங்கி வைத்தேன்.

பெயிண்டர் இல்லாத அணி எண்பத்தொன்றாவது நிமிடத்தில் கோல் வாங்கியது. அந்தக் கோல் எப்படி விழுந்தது என்று இன்றுவரை எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இருப்பது தாகம் மட்டும்தான். கோலுக்குப் பின்னால் கோல்கீப்பர் பழரசம் வைத்திருந்தான். கேட்காமல் எடுத்து பாட்டிலைக் காலி செய்தேன். அவன் "யோவ்!" என்றான். கொஞ்ச நேரத்தில் சத்தங்கள் அதனதன் இடத்துக்குத் திரும்பின. ஸ்கோர் பலகையைப் பார்த்தேன். ஒன்றுக்குச் சுழியம். கட்டட அணியில் பத்துப் பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். கோட்டுக்கு வெளியே பெயிண்டர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு விரலைக் குத்தினேன். ஒரு பாட்டில் பழரசத்துக்குப் பிறகும் அறுபத்தொன்று; எழுபதுக்குக் கீழே இறங்கவே கூடாது. சிவப்பு காட்டிய எழுபத்தாறாவது நிமிடத்தில் அது எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்குப் போட எனக்குத் துணிவில்லை.

செயலாளர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். மீட்டரைத் துண்டுக்கடியில் தள்ளினேன்.

"இன்னிக்குத்தான்யா நீ ரெஃப்ரி. கேப்டன்னு பார்க்கல, அரை இறுதின்னு பார்க்கல. கை வெச்சவனைத் தூக்கி வெளிய போட்டே பாரு!" தோளில் ஓங்கித் தட்டினார். "ஃபைனல் உனக்குத்தான். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட்டைக் கொடு. கை வெச்சதுக்கு ஒரு வருஷம் தடை. அவன் வயசுக்கு இதோட முடிஞ்சுது கதை."

அவர் போன பிறகு நான் ஷூவைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெட்கம் ஒரு பக்கம் இருந்தது, சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது? அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"ரிப்போர்ட்ல என்ன எழுதப் போறீங்க?"

"கை வெச்சான்னு எழுதுவேன். வெச்சானே."

"எதுக்கு வெச்சான்?"

"அதை எழுத ரிப்போர்ட்ல கட்டம் இல்ல."

அவள் என் சட்டையை மடியில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "உங்களுக்கு ஊசின்னு எனக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியும். மருந்துக்கடைக்காரனுக்குத் தெரியும். உங்க கூட ஓடற இருபத்திரண்டு பேருக்குத் தெரியாது. நீங்க நடு கிரவுண்டுல விழுந்தா நான் ஸ்கூல்ல இருந்து ஓடி வந்து தூக்கணுமா? அந்த ஆள் என்ன பாவம் பண்ணான்?"

"அவனைப் பத்தி உனக்குத் தெரியாது. வாயைத் திறந்தா சாக்கடை."

"உங்க வாய் மட்டும் என்ன, பன்னீரா?"

மறுநாள் காலை என் பரிசோதனை வழித்தடம் மாறியது. நானே மாற்றிக்கொண்டேன். அவன் எங்கே வேலை செய்கிறான் என்று லைன்மேனிடம் கேட்டு வைத்திருந்தேன். நான்கு மாடி அலுவலகக் கட்டடம், மாடிப்படிச் சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். பெயிண்டர் ஏணியின் உச்சியில் நின்றிருந்தான். என் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் ரோலரை வாளியில் போட்டான்.

"என்ன சார், ஏணிக்கு டிக்கெட் வாங்கலைன்னு பிடிக்க வந்தீங்களா?"

"ஒண்ணு கேக்கணும். நேத்து எதுக்கு என்னைப் பிடிச்ச?"

"கொஞ்சணும்னு தோணுச்சு."

"ஒழுங்கா சொல்லு."

அவன் இறங்கவில்லை. மேலிருந்தே சொன்னான். "பந்து வெளிய போய் அரை நிமிஷம் ஆச்சு. நீங்க யாருமே இல்லாத இடத்தைப் பார்த்து விசில் மேல விசில் ஊதிக்கிட்டு இருக்கீங்க. மூஞ்சி இதோ இந்தச் சுவர் மாதிரி வெளுத்துக் கிடக்குது. கால் பின்னுது. நெஞ்சு வலியோ என்னமோன்னு பிடிச்சேன். 'உக்காருங்க சார், உக்காருங்க'ன்னேன். விழாம பிடிச்சதுக்கு நல்ல மரியாதை பண்ணீங்க."

மாடிப்படியில் பெயிண்ட் வாசனை மூச்சை அடைத்தது. நான் கைப்பிடியைப் பிடிக்கப் போய், ஈரம் என்று கையை எடுத்துக்கொண்டேன்.

"எனக்குச் சர்க்கரை இருக்கு," என்றேன். "ஊசி போடறேன். நேத்து ரொம்ப இறங்கிடுச்சு. நான் என் நிலையில இல்ல."

அவன் ஏணியிலிருந்து எட்டிப் பார்த்தான். "அப்ப இந்தப் பத்து வருஷமா என் மேல எரிஞ்சு விழுந்ததெல்லாம் அதனாலதானா?"

"இல்ல. இது வந்து நாலு மாசம்தான் ஆச்சு. அதுக்கு முன்னாடி எல்லாம் நான்தான்."

அவன் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. உடனே சரிசெய்துகொண்டான். "சரி, என்ன பண்ணப் போறீங்க? எழுதினா எழுதுங்க, எழுதாட்டி போங்க. கால்ல விழுவேன்னு நினைச்சு வந்திருந்தா, பஸ் ஸ்டாப் அந்தப் பக்கம். இந்தப் பூச்சு காயறதுக்குள்ள கீழ்ச்சுவரை முடிக்கணும்."

எனக்கு அவன் மேல் இரக்கம் வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். வரவில்லை. அவன் ஏணியை உதைத்துத் தள்ளலாமா என்றுதான் வந்தது. மதியம் டிப்போவின் ஓய்வறையில், நோட்டையும் மீட்டரையும் முன்னால் வைத்துக்கொண்டு அறிக்கையை எழுதினேன். மூன்று தாளைக் கிழித்தேன். மூன்றிலும் என்னை அறியாமல் அவனை இன்னும் கொஞ்சம் திட்டியிருந்தேன். நான்காவது தாளில் நடந்தது மட்டும் இருந்தது. எழுபத்தாறாவது நிமிடத்தில் நடுவர் ஆட்டத்தை நடத்தும் நிலையில் இல்லை. கட்டட அணியின் கேப்டன் அவரை விழாமல் பிடித்தார். சிவப்பு அட்டை தவறு. நடுவர் தன் நோயைப் படிவத்தில் மறைத்திருந்தார். என்னைப் பற்றியே 'நடுவர்' என்று எழுதும்போது கை நடுங்கியது. குத்திப் பார்த்தேன். நூற்று இருபத்தெட்டு. நடுக்கம் வேறு எதனாலோ. இறுதி ஆட்டம் போகிறது, நானே என் கையால் அதை வழியனுப்புகிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அழுகை வந்தது. பக்கத்தில் ஒரு டிரைவர் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை விசாரணை. சங்க அலுவலகத்தில் நீள மேஜை, மூன்று பேர், நடுவில் செயலாளர். ஒரு ஓரத்தில் நான், எதிர் ஓரத்தில் சலவைச் சட்டையில் பெயிண்டர். டாக்டரின் கடிதத்தையும் கொண்டுபோயிருந்தேன். அடிக்கடி பரிசோதித்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, உடன் இருப்பவர்களிடம் சொல்லி வைத்தால் இவர் தாராளமாக ஓடலாம் என்று எழுதியிருந்தாள்.

செயலாளர் அதைப் படித்துவிட்டு மேஜையில் எறிந்தார். "இதை ஏன்யா சீசன் ஆரம்பத்துல கொண்டு வரல? வந்திருந்தா கோட்டோரம் ஒரு பெஞ்சைப் போட்டுக் கொடுத்திருப்பேன். இப்ப பார், அரை இறுதியைத் திரும்ப நடத்தணும். ஊர் சிரிக்குது."

"வால்வுக்காரனுக்குப் பெஞ்சு போட்டீங்களா? ஸ்டோர் ரூம்தானே போட்டீங்க?" என்றேன்.

"வாயை மூடு."

தீர்ப்பைப் படித்தார். சிவப்பு அட்டை ரத்து. ஆட்டம் மறுபடி முழுதாக நடக்கும். பொய்யான படிவம் கொடுத்ததற்காக நடுவருக்கு இரண்டு வருடத் தடை. "நோய்க்கு இல்ல. பொய்க்கு. புரியுதா?"

புரிந்தது. இரண்டு வருடம் கழித்து எனக்கு நாற்பத்தெட்டு. இறுதி ஆட்டம் என்பது இனி என் வாழ்க்கையில் இல்லை. விதிப் புத்தகத்தைத் தலைக்குள் புரட்டிப் பார்த்தேன். தண்டனை சரியாகத்தான் இருந்தது. ஒரு மாதம் கூடுதலும் இல்லை, ஒரு மாதம் குறைவும் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சலை இன்னும் அதிகமாக்கியது. திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

செயலாளர் பெயிண்டரைப் பார்த்து முகத்தை இளக்கிக்கொண்டார். "உனக்கு அநியாயம் நடந்திருக்கு. அந்த மஞ்சளையும் சேர்த்தே ரத்து பண்ணிடறோம்."

"முடியாது," என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"மஞ்சள் ஐம்பத்தெட்டாவது நிமிஷம். அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல. கண்ணைக் கழட்டி வீட்ல வெச்சுட்டு வந்தியான்னு கேட்டான். தெளிவா கேட்டுச்சு. அது நிக்கணும்."

"யோவ், உனக்குத்தான் தடை போட்டாச்சே!"

"தடை இன்னிலிருந்துதானே? மஞ்சள் ஞாயித்துக்கிழமை."

பெயிண்டர் மேஜையில் கையை ஓங்கி அடித்தான். எழுந்துவிட்டான். அடிக்கத்தான் போகிறான் என்று நினைத்தேன். "கேட்டேன்தான்," என்றான் செயலாளரிடம். "இப்பவும் கேப்பேன். வெச்சுக்கோங்க உங்க மஞ்சளை." கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போனான்.

நான் கையெழுத்துப் போட்டு, விசிலையும் அட்டைகளையும் மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தபோது அவன் கீழ்ப்படியில் நின்றிருந்தான். யாருக்கோ காத்திருக்கிறான் என்று ஒதுங்கிப் போகப் பார்த்தேன்.

"நில்லுங்க," என்றான். "இனிமே ஓடறதை விட்டுடுவீங்களா?"

"எதுக்கு விடணும்? ஊதத்தான் தடை. ஓடத் தடை இல்ல."

"எங்க ஓடுவீங்க?"

"டிப்போ பின்னாடி. தனியா."

"தனியா." அவன் காறித் துப்பாத குறை. "அங்க விழுந்தா பஸ்தான் வந்து எழுப்பும். எங்க டீம் காலைல ஆறு மணிக்கு கிரவுண்டுல ஓடும். பின்னாடி ஓடுங்க. முன்னாடி வந்து எங்களுக்குப் பாடம் எடுக்கக் கூடாது."

"உன் தயவு எனக்கு வேண்டாம்."

"தயவும் இல்ல, மண்ணும் இல்ல. நீங்க எங்கயாவது விழுந்து செத்துட்டா, என்னாலதான்னு ஊரெல்லாம் சொல்லும். விழுந்தா என்ன பண்ணணும்? முதல்ல அதைச் சொல்லுங்க."

படியில் நின்றபடியே சொன்னேன். முதலில் என் பேச்சு மாறும், காரணம் இல்லாமல் கத்துவேன். அப்போது உட்காரவைத்து இனிப்பாக ஏதாவது குடிக்கக் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்பேன், கேட்கக் கூடாது. நினைவு இல்லாமல் விழுந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். அவன் நகத்திலிருந்த வெள்ளையைச் சுரண்டிக்கொண்டே கேட்டான். சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இதைச் சொல்றதுக்கா சார் நாலு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தீங்க?"

பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. ஆறு என்றால் ஆறு, ஒரு நிமிடம் தாமதமானாலும் கேட்டைச் சாத்திவிடுவேன் என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தான்.